தினமும் எழுத மெட்டல் பவுண்டன் பேனா, எத வாங்கலாம்?

வணக்கம் மக்களே, ஒரு யோசனை வேணும். டியூஷன்ல தமிழ் சொல்லித் தர்றதால நாள் முழுக்க எழுத்து வேலைதான், அதுக்கு நல்ல மெட்டல் பவுண்டன் பேனா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். சிங்கப்பூர் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல பைலட் மெட்ரோபாலிடன் பேனா எழுதிப் பாத்தேன், பித்தளை பாடி, கையில நல்லா கனமா நிக்குது, அழுத்தவே வேணாம், மை தானா ஓடுது, ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஆனா மூடியப் பின்னாடி மாட்டுனா பின்பக்கம் இழுக்குது. அப்புறம் மீடியம் நிப்ல ண, ஞ எழுதுனா சுழியெல்லாம் அடைச்சுக்குது, மெல்லிசு பேப்பர்ல மை வேற பரவுது. ஃபைன் நிப் (மெல்லிசா எழுதுறது) எடுக்கலாம்னா ஜப்பான் ஃபைன் ஜெர்மன் ஃபைன விட மெல்லிசாச்சே, வேகமா எழுதுறப்ப பேப்பரக் கீறுமோன்னு யோசனையா இருக்கு.

லேமி அல்-ஸ்டார் பேனாவும் மனசுல இருக்கு, அலுமினியம், எடை கம்மி, நிப்ப மட்டும் கழட்டி மாத்திக்கலாம், ஆனா அந்த முக்கோணப் பிடி எல்லாருக்கும் ஒத்துவருமா?

80 வெள்ளிக்குள்ள பாக்குறேன். தமிழ்ல தினமும் பக்கம் பக்கமா எழுதுறவங்க என்ன நிப், என்ன மை வச்சிருக்கீங்க? முடிஞ்சா உங்க கையெழுத்த ஒரு போட்டோ எடுத்துப் போடுங்களேன், ப்ளீஸ்.