கடவத்தை இடமாறல் வேலை: கம்பளையிலிருந்து மஹரகமைக்கு எந்த வழியாகப் போவது நல்லது?

கம்பளைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனது தந்தையாரை மாதந்தோறும் மஹரகம வைத்தியசாலைக்குக் கிளினிக்கிற்காக அழைத்துச் செல்கிறோம். விடியுமுன் வான் வண்டியில் புறப்பட்டு, பேராதனையில் கண்டி வீதியைப் பிடித்து, மாவனல்லை, கேகாலை, நிட்டம்புவ வழியாகக் கடவத்தைக்கு வந்து, அங்கே வெளிச்சுற்றுவட்ட அதிவேக நெடுஞ்சாலையில் ஏறிக் கொட்டாவையில் இறங்குவதுதான் எங்கள் வழக்கம். மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் கடவத்தை – மீரிகம பகுதி வேலைகள் 2025 செப்டம்பரில் மீண்டும் தொடங்கிய பிறகு, கடவத்தை இடமாறலைச் (நெடுஞ்சாலையில் ஏறி இறங்கும் சந்தியை) சுற்றிப் போக்குவரத்து ஒழுங்குகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கடைசியாகப் போனபோது, வழமையாகத் திரும்பும் இடத்தில் கொங்கிரீட் தடுப்புகளை அடுக்கியிருந்தார்கள். வாகனங்கள் ஒரே வரிசையில் ஊர்ந்ததால் கிளினிக்கில் எங்களுக்குப் பிந்திய நம்பர்தான் கிடைத்தது. அப்பாவால் நீண்ட நேரம் உட்கார்ந்திருக்க முடியாது.

கடவத்தையைத் தொடாமல் மஹரகமைக்குச் செல்ல நல்ல வழி உண்டா? மாலையில் திரும்பும்போதும் அதே வழியில் வரலாமா, அல்லது அப்போது கடவத்தையே பரவாயில்லையா?

ஹட்டன் சாரதி

தம்பி, மஹரகமைக்குப் போகிறவர்கள் கடவத்தைக்கு வந்து சேர்ந்த பின் வழி தேடுவதில் பயனில்லை. கம்பளையில் வண்டியை எடுக்கும்போதே அதை முடிவு செய்துவிட வேண்டும். நீங்கள் பேராதனைப் பக்கம் திரும்பாமல் நாவலப்பிட்டிக்குப் போய், அங்கிருந்து கினிகத்தேனையில் ஏ7 வீதியை அடையுங்கள். பின்னர் கித்துல்கல, யட்டியந்தோட்டை, கரவனல்லை வழியாக அவிசாவளைக்கு வந்து, கொஸ்கம தாண்டி ஹங்வெல்லைக்கு வந்தால் இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. ஒன்று, ஹைலெவல் வீதியிலேயே ஹோமாகம, கொட்டாவை என்று நேராக மஹரகமைக்குப் போவது. மற்றது, லோலெவல் வீதியில் கடுவெலைக்குச் சென்று அதிவேக நெடுஞ்சாலையில் ஏறிக் கொட்டாவையில் இறங்குவது. ஹோமாகமைக்குக் காலை ஆறரை மணிக்கு முன் வர முடியுமானால் முதலாவது வழியே போதும். அதற்குப் பிந்தினால் பாடசாலை, அலுவலக நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். அப்போது கடுவெல வழிதான் நல்லது.

ஆனால் இந்த வழிக்கும் ஒரு விலை உண்டு. கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல வரை வளைவுகள் ஓயாது. வயிறு தாங்காதவர்களுக்கு அது பெரும் பாடு. நோயாளியை முன் ஆசனத்தில் அமர்த்தி, பின்னால் வருகிறவர் எவ்வளவு ஹோர்ன் அடித்தாலும் மெதுவாகவே இறக்க வேண்டும். நான் எப்போதும் யட்டியந்தோட்டையில் வண்டியை நிறுத்தி, எல்லோருக்கும் வெறும் தேநீர் வாங்கிக் கொடுத்த பிறகுதான் மிச்சத் தூரத்தை ஓட்டுவேன். மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழைக் காலம் முடியும் வரை, புறப்படுவதற்கு முன்னிரவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். கினிகத்தேனைப் பக்கத்துக்கு எச்சரிக்கை இருந்தால் கடவத்தை நெரிசலே மேல்.

மரக்கறி லொறி

நுவரெலியாவிலிருந்து பேலியகொட மெனிங் சந்தைக்கு ஏற்றிச் செல்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இரவில் கடவத்தையில் வீதி காலியாக இருக்கும் என்று நம்பிப் புறப்படாதீர்கள். பாரம் தூக்கும் வேலைகளை வாகனம் குறைந்த நேரத்தில்தான் செய்வார்கள் என்பதால், ஒரு பக்கப் பாதையை இரவில்தான் மூடுகிறார்கள். சந்தேகமான நாட்களில் நான் யக்கலையிலேயே திரும்பி, கம்பஹா, ஏக்கல வழியாக ஜா–எலவுக்குப் போய்விடுவேன். சுற்றுத்தான், ஆனாலும் விடியுமுன் சாமான் இறங்கிவிடும். விமான நிலையம் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். மஹரகமைக்கு இது உதவாது.

வீதி வேலைக்காரன், கண்டி

மேலே உள்ள ஆலோசனைகள் சரியானவை. இருந்தும், இந்த மாற்றங்கள் ஏன் ஓயாமல் வருகின்றன என்பது தெரிந்தால் கேள்வியாளருக்கு வழியைத் தெரிவு செய்வது இலகுவாகும் என்று நினைக்கிறேன். கடவத்தையில் ஏற்கெனவே கண்டி வீதியும் வெளிச்சுற்றுவட்ட நெடுஞ்சாலையும் சந்திக்கின்றன. மீரிகமவிலிருந்து வரும் புதிய நெடுஞ்சாலையும் அதே இடத்தில்தான் இணைய வேண்டும். பழைய ஏறுபாதைகளையும் இறங்குபாதைகளையும் முழுவதுமாக மூடிவிட்டு வேலை செய்ய முடியாது. ஆகவே ஒரு துண்டு நிலத்தில் தற்காலிகப் பாதை போட்டு, வாகனங்களை அதற்கு மாற்றி, விடுபட்ட இடத்தில் தூண்களை எழுப்பி, அந்தப் பகுதி முடிந்ததும் வாகனங்களை மறுபடி வேறொரு பக்கத்துக்கு நகர்த்துகிறார்கள். அதற்கும் முன்னதாக நீர்க்குழாய்கள், மின்கம்பங்கள், தொலைபேசி வடங்கள் அப்புறப்படுத்தப்பட வேண்டும். வெளியில் எதுவும் நடக்காததுபோல் தோன்றும் மாதங்கள் பெரும்பாலும் அந்த வேலையில்தான் கழிகின்றன. சென்ற மாதம் கண்ட பாதை இம்மாதம் அங்கே இருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

இதனால் கைபேசி வரைபடம் அந்த ஓரிரு கிலோமீற்றர்களில் நம்பத்தக்கதல்ல. நேற்று மூடிய இறங்குபாதையை அது இன்றும் காட்டும். வீதியோரப் பலகைகளையும் கொடி காட்டுபவரையும் போக்குவரத்துப் பொலிஸாரையும் மட்டும் பின்பற்றுங்கள். திரும்பும் பயணத்தில் கொட்டாவையிலிருந்து வந்து கடவத்தை இறங்குபாதையைத் தவறவிட்டால், தயவுசெய்து வண்டியைப் பின்னோக்கி எடுக்க வேண்டாம். அப்படி எடுப்பவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பின்னால் வரும் வாகனத்தின் வேகம் அவர்களுக்கு விளங்குவதேயில்லை. நேராக அடுத்த இடமாறலான மத்துமகலவுக்குச் சென்று இறங்குங்கள். நெடுஞ்சாலையில் வாகனம் பழுதானால் 1969 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

திரும்பும் வழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாலையில் கொழும்பிலிருந்து வெளியேறும் வாகனங்கள் அனைத்தும் கிரிபத்கொடைப் பக்கமிருந்து வந்து அதே குறுகிய இடத்தில் சேர்வதால், காலையைவிட மாலையில்தான் கடவத்தை மோசமாக இருக்கும். எனவே அவிசாவளை வழியே திரும்புங்கள். இருட்டியபின் கித்துல்கல வளைவுகளில் ஏற விருப்பமில்லையென்றால், கரவனல்லையில் ஏ21 வீதிக்குத் திரும்பி, புளத்கொஹுபிட்டிய வழியாகக் கேகாலைக்கு வந்து கண்டி வீதியை அடையலாம். அங்கிருந்து பேராதனை வரை உங்களுக்குப் பழகிய பாதைதான். 2025 நவம்பரில் கடுகண்ணாவைப் பகுதியில் மண்சரிவினால் கண்டி வீதி மூடப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். மழை நாளில் அந்தப் பக்கத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பஸ் பயணி, நாவலப்பிட்டி

வாகனம் இல்லாதவர்களுக்கு ஒரு குறிப்பு. காலி, மாத்தறை செல்லும் அதிவேக பஸ்ஸுக்கு மாறுவதற்காகக் கடவத்தையில் இறங்குகிறவர்கள், தாம் வந்த பஸ் எந்த இடத்தில் நிறுத்துகிறது என்பதை இறங்குமுன்னரே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பயணப்பைகளோடும் பிள்ளைகளோடும் தடுப்புகளுக்கு இடையே வீதியைக் கடப்பது மிகவும் ஆபத்தானது. கொஞ்சம் தள்ளிப் போனாலும் கடவையில் மட்டுமே கடக்கவும்.

கம்பளைவாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. அண்ணா, இன்னொன்று. கட்டுகஸ்தோட்டை, கலகெதர வழியாகக் குருநாகலுக்குப் போய், 2022 ஜனவரியில் திறந்த குருநாகல் – மீரிகம நெடுஞ்சாலையில் வந்தால் நேரம் மிச்சப்படும் என்று அயலவர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

ஹட்டன் சாரதி

உங்கள் பயணத்துக்குச் சரிவராது, தம்பி. அந்தப் பகுதி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சுகமான பாதைதான், மறுக்கவில்லை. ஆனால் மீரிகமவில் அது முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பஸ்யாலைக்கு வந்து மறுபடி கண்டி வீதியில் ஏறினால், நிட்டம்புவவும் யக்கலையும் கடவத்தையும் இன்னும் முன்னால்தான் இருக்கும். வடக்கே கட்டுகஸ்தோட்டை வரை ஏறிச் சுற்றி, கட்டணமும் செலுத்தி, கடைசியில் அதே வரிசையில்தான் நிற்பீர்கள். கடவத்தை – மீரிகம பகுதி திறக்கப்பட்ட பின் அயலவர் சொல்வது சரியாக இருக்கும். அதுவரை கினிகத்தேனை வழியில் வாருங்கள். கம்பளையிலிருந்து மூன்றரை மணிக்குப் புறப்பட்டால், யட்டியந்தோட்டையில் தேநீர் குடித்துவிட்டும் நேரத்தோடு நம்பர் எடுக்கலாம்.