அறிவியலில் எது என் துறை என்று எப்படி அறிவது?

தண்டையார்பேட்டை மாணவி:
அனைவருக்கும் வணக்கம். நான் 11ஆம் வகுப்பில் முதல் பிரிவு படிக்கிறேன். எல்லாப் பாடங்களிலும் நல்ல மதிப்பெண் வருகிறது. ஆனால் எதில் ஈடுபாடு என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. உடன் படிப்பவர்கள் நீட் என்றும் ஜே.இ.இ. என்றும் பிரிந்துவிட்டார்கள். பாடத்துக்கு வெளியே நான் நெடுநேரம் யோசித்தது ஒன்றே ஒன்றுதான்: காசிமேட்டில் வாங்கிய கத்தாழை மீனை அம்மா ஆய்ந்தபோது அதன் தலைக்குள்ளிருந்து இரண்டு வெள்ளைக் கற்கள் வந்தன. இதையெல்லாம் ஈடுபாடு என்று சொல்லலாமா?

ஓய்வு பெற்ற ஆசிரியர், திருவொற்றியூர்:
தாராளமாகச் சொல்லலாம், மகளே. அவை மீனின் செவிக்கற்கள். ஒலியையும் உடலின் சமநிலையையும் உணர மீனுக்கு உதவுபவை. கத்தாழை இனத்தில் அவை பெரியவை என்பதால்தான் உன் அம்மாவின் கையில் தட்டுப்பட்டன. கால்சியம் கார்பனேட்டால் ஆன அந்தக் கற்கள் மீன் வளர வளர அடுக்கடுக்காகப் படிவதால், அவற்றைக் குறுக்கே தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்து மீனின் வயதைக் கணிக்கிறார்கள். ஒரு கல்லில் சில சொட்டு வினிகர் விட்டுப் பார். பிறகு வெவ்வேறு நீளமுள்ள இருபது மீன்களின் கற்களைப் பள்ளி ஆய்வகத் தராசில் நிறுத்து, மீனின் நீளத்தோடு சேர்த்து வரைபடத்தில் குறித்துப் பார். வேதிவினையா, வரைபடமா, மீனா, எதை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை என்பதைக் கவனித்து எழுதி வை.

இயற்பியல் ஆய்வு மாணவி, ராயபுரம்:
ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மனம் வராததை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாதே, தங்கையே. பதினைந்தாவது கல்லை நிறுக்கும்போது யாருக்கும் சலிப்பு வரும். அந்தச் சலிப்புக்குப் பிறகும் மறுநாள் எதைத் தேடிப் போகிறாயோ, அதைத்தான் நான் நம்புவேன். கத்தாழை தன் காற்றுப்பையைத் தசைகளால் அதிரச் செய்து ஒலி எழுப்பும் மீன் என்பதால், இந்தக் கேள்வி உன்னை இயற்பியலுக்கும் கொண்டுவரக்கூடும். துறையை இப்போதே முடிவு செய்யும் கட்டாயமும் இல்லை. ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் 5 ஆண்டு பி.எஸ்.–எம்.எஸ். (இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த) படிப்பில் தொடக்கத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கையும் கற்பிக்கிறார்கள். நமக்கு அருகில் இருப்பது திருப்பதி ஐசர்.

தண்டையார்பேட்டை மாணவி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கற்களைத் தம்பி பென்சில் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தான். வீட்டில் வினிகர் இல்லாததால் எலுமிச்சைச் சாற்றை விட்டேன், நுரைத்தது. ஞாயிறு காலை அம்மாவுடன் காசிமேட்டுக்குப் போகிறேன். மீனின் நீளத்தை வாலையும் சேர்த்து அளக்க வேண்டுமா, வால் தொடங்கும் இடம் வரை போதுமா, ஐயா?