பொருளியல்: விலை ஏறினால் தேவைக் கோடு நகருமா?

பனித்துளி:
பதினொன்றாம் வகுப்பில் பொருளியல் எடுத்திருக்கிறேன். வரையறைகளைக் கேட்டால் அப்படியே ஒப்பிப்பேன், ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுவிட்டால் எதுவும் ஓடுவதில்லை. அதிலும் வரைபடம்தான் பெரிய தலைவலி. பருத்தித் துணியின் விலை ஏறினால் அதன் தேவைக் கோடு இடப்பக்கம் நகருமா, நகராதா? கணக்கு நன்றாக வருகிறவர்களுக்குத்தான் இந்தப் பாடம் சரிப்படுமா? அடுத்த வருடம் பேரினப் பொருளியல் (நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பற்றியது) வேறு இருக்கிறது. படித்தவர்கள் சொல்லுங்கள்.

ஆழி:
நகராது. ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டுவதுதான் அந்தக் கோடு, அதனால் விலை மாற்றம் ஏற்கெனவே அதற்குள் அடங்கியிருக்கிறது, நாம் கோட்டின் மேலேயே ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகிறோம், அவ்வளவுதான். கோடே இடம்மாற வேண்டுமானால் இரண்டு அச்சிலும் இல்லாத ஏதோ ஒன்று மாற வேண்டும்: வருமானம், ரசனை, பதிலீட்டுப் பண்டத்தின் (இதற்குப் பதிலாக வாங்கக்கூடிய பொருளின்) விலை. பாலியஸ்டர் விலை ஏறினால் பலர் பருத்திக்கு வருவார்கள், அப்போது பருத்தித் துணியின் தேவைக் கோடு வலப்பக்கம் நகரும். அப்புறம், கணக்குப் பாடத்தில் காரணியைக் கிடை அச்சில் போட்டுப் பழகியிருப்பீர்கள், இங்கே விலை செங்குத்து அச்சில் இருக்கும். 1890-இல் வந்த, பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷலின் நூல் வழியாகப் பரவிய வழக்கம் அது. பலரும் தடுமாறுகிற இடம், பயப்பட வேண்டாம்.

வடதிசை:
பள்ளி அளவில் சதவீதம், சராசரி, கோட்டின் சாய்வு இவை தெரிந்தால் போதும். கல்லூரியிலும் பொருளியல்தான் என்றால் கணக்கை விட்டுவிடாதீர்கள், நுண்கணிதம் கட்டாயம் தேவைப்படும். படத்தை மனப்பாடம் செய்வதைவிட எண்களைப் போட்டுப் பாருங்கள். 10 பொருள் செய்ய மொத்தச் செலவு 500, சராசரி 50. பதினோராவதைச் செய்ய 39 ஆனால் சராசரி 49-க்கு இறங்கும், 61 ஆனால் 51-க்கு ஏறும். இறுதிநிலைச் செலவுக் கோடு (கூடுதலாக ஒரு பொருள் செய்ய ஆகும் செலவைக் காட்டுவது) சராசரிச் செலவுக் கோட்டை ஏன் அதன் மிகத் தாழ்ந்த புள்ளியில் வெட்டுகிறது என்பது இதிலேயே இருக்கிறது.

கார்முகில்:
மனப்பாடம் வீண் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 'பிற காரணிகள் மாறாதிருக்கும்போது' என்ற தொடரை விட்டுவிட்டால், விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும் என்ற தேவை விதியே தப்பாகிவிடும். விலையும் ஏறி விற்பனையும் ஏறினால் விதி உடையவில்லை, பெரும்பாலும் பிற காரணிகளில் ஒன்று மாறியிருக்கும். பேரினத்தில் முதலில் பொருளியலாளர் கெயின்ஸின் பெருக்கியை, அதாவது புதிதாக வரும் செலவு மொத்த வருமானத்தை எத்தனை மடங்காகக் கூட்டுகிறது என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூடுதலாக வரும் ஒவ்வொரு 100-லும் மக்கள் 80 செலவழிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த 80 வேறொருவருக்கு வருமானம், அவர் 64 செலவழிப்பார், அடுத்தவர் 51.2. முதல் 100-ஐயும் சேர்த்து இப்படியே கூட்டிக்கொண்டு போனால் 500 வரும். 1-ஐ 0.2-ஆல் வகுத்தால் 5 என்ற சூத்திரம் சொல்வதும் இதைத்தான். வரியும் இறக்குமதியும் சேர்ந்தால் பெருக்கி சிறுத்துவிடும்.

பனித்துளி:
ரொம்ப நன்றி. அப்படியானால் பருத்தி விளைச்சல் குறைந்தால் துணியின் அளிப்புக் கோடு (ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு விற்பார்கள் என்பது) இடப்பக்கம் நகரும், விலை ஏறும், தேவைக் கோடு அப்படியே இருக்கும், வாங்கும் அளவு மட்டும் குறையும். சரியா?

ஆழி:
சரி. அதே சமயத்தில் பாலியஸ்டர் விலையும் ஏறினால் என்ன ஆகும் என்று இரண்டு கோடுகளையும் நகர்த்தி வரைந்து பாருங்கள். விலை நிச்சயம் ஏறும். அளவு கூடுமா குறையுமா என்பது எந்தக் கோடு அதிகம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது, அது தெரியாமல் விடை சொல்ல முடியாது. தேர்விலும் அப்படியே எழுதுங்கள்.