புதுப்பிப்பு: வாட்டர் கூலிங் கசிந்து ஆன் ஆகாமல் போன கம்ப்யூட்டர் இப்போது ஓடுகிறது

வாட்டர் கூலிங்கில் ஓடும் திரவமான கூலன்ட் கசிந்து கிராபிக்ஸ் கார்டு மேல் சொட்டியது, இரண்டு நாள் காயவைத்தும் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி, மதர்போர்டில் செருகும் அதன் 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்துப் பார்த்தேன். ஓடியது, 12 வோல்ட்டும் சரியாக வந்தது. அப்புறம் வாட்டர் கூலிங்குக்குப் பதிலாக பிராசசர் மேல் பழைய ஃபேன் கூலரை மாட்டி, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஒரே ஒரு ரேமோடு போட்டேன். உடனே பூட் ஆனது! கார்டைச் செருகினால் மறுபடி அதே கதை.

"மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. பின்களுக்கு நடுவே பச்சையாக, காய்ந்த பாகு மாதிரி ஒட்டியிருந்தது. தண்ணீர் காய்ந்துவிடும், கூலன்ட்டில் உள்ள சாயமும் கிளைகால் (glycol) என்ற ரசாயனமும் அப்படியே தங்கிவிடும். (அரிசி மூட்டைக்குள் வைக்கச் சொன்ன நண்பரே, மன்னிக்கவும்.) மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரியையும் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத் பிரஷை நனைத்து, ஸ்லாட்டையும் கார்டின் தங்க விளிம்பையும் மூன்று முறை தேய்த்தேன். ஓர் இரவு காயவிட்டேன். காலையில் ஆன் ஆனது.

எதிர்பாராதது ஒன்று: நான் சந்தேகப்பட்ட குழாயில் ஓட்டை எதுவும் இல்லை. பிராசசர் மேல் உட்காரும் பிளாக்கில் குழாயை இணைக்கும் ஃபிட்டிங்கில், கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் முறுக்கிக்கொண்டு நசுங்கியிருந்தது. மாட்டியது நான்தான். கார்டில் ஒரு டிஸ்ப்ளே போர்ட் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை.