கோங்க் கிராமத்தில் ஓர் இரவு

தென் பிரான்ஸில் அவேரோன் பகுதியில் கோங்க் என்று ஒரு சின்ன கிராமம். சில வருடங்களுக்கு முன் நானும் மனைவியும் போனோம். பகலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள், ஓர் இரவாவது தங்குங்கள்.

மலைச்சரிவில் கல்லும் மரச்சட்டமுமாக வீடுகள். கூரையில் ஓடு கிடையாது. மீன் செதில் மாதிரி கல் பலகைகளை அடுக்கியிருக்கிறார்கள். ல புய் ஊரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் பாதயாத்திரை போகிறவர்களின் வழி இது. சாயங்காலம் ஆனதும் முதுகுப் பையோடு வந்து, படிகளில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் காலை நீவிக்கொள்கிறார்கள்.

சாந்த் ஃபுவா தேவாலய வாசலுக்கு மேலே 12ஆம் நூற்றாண்டுச் சிற்பம். இறுதித் தீர்ப்பு நாள், 124 உருவங்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் மடத்துத் துறவி ஒருவர் வாசலில் நின்று விளக்கினார். அவருடைய பிரெஞ்சு எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஆன்மாக்களை எடைபோடும் தராசைக் காட்டியபோது மொழியே வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கம் மிக்கேல் தூதர். எதிரே நிற்கும் பேய் தன் பக்கத்துத் தட்டை விரலால் அமுக்குகிறது! சந்தையில் எத்தனை தடவை பார்த்த விரல் அது. நரகத்தின் பக்கம் கழுத்தில் பணப்பையோடு ஒரு கருமி தொங்குகிறான். அங்கங்கே பழைய நீலமும் சிவப்பும் இன்னும் ஒட்டியிருக்கின்றன. எனக்கு ரொம்பப் பிடித்தது வளைவின் விளிம்பில் இருக்கும் குட்டி முகங்கள். மதிலைப் பிடித்துக்கொண்டு தேர் பார்க்கும் பிள்ளைகள் போல, கல் நாடாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கின்றன.

மறுநாள் காலை உள்ளே போய் உட்கார்ந்தோம். ஓவியர் பியர் சூலாஜ் வடிவமைத்த 104 சன்னல்கள். வண்ணமே இல்லாத கண்ணாடி, ஆனால் வெயில் ஏற ஏற வெளிச்சம் நிறம் மாறிக்கொண்டே இருந்தது.

அப்புறம் கருவூலம். சாந்த் ஃபுவா பன்னிரண்டு வயதில் உயிர்த்தியாகம் செய்ததாகச் சொல்லப்படும் சிறுமி. அவளுடைய 85 செ.மீ. உயரத் தங்கச் சிலை அரியணையில் உட்கார்ந்து நேராக நம்மையே பார்க்கிறது. மரத்தில் செய்து தங்கத் தகடு போர்த்தியது. உடம்பெல்லாம் பக்தர்கள் காணிக்கையாகத் தந்த கற்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலயங்களின் பொன்னையும் வெள்ளியையும் பறிமுதல் செய்து உருக்கினார்கள். இந்த ஊர்க்காரர்கள் தங்கள் கருவூலத்தை ஆளுக்குக் கொஞ்சமாக ஒளித்து வைத்துக் காப்பாற்றி, ஆபத்து நீங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்து தெருவில் நடக்கும்போது, இந்த வீட்டிலா, அந்த வீட்டிலா என்று ஒவ்வொரு கதவையும் பார்த்துக்கொண்டே போனேன்.