குமாஸ்தா வேலைக்கா டெல்லி?

குழு: ஆச்சி வீடு

ஞாயிறு, காலை 7.42

தேன்மொழி: எல்லாருக்கும் வணக்கம். உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு லா கிளார்க் எடுப்பார்கள். அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிக்கப் போகிறேன். பெரியப்பாவிடம் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது.

சுந்தர் மாமா: அஞ்சு வருஷம் சட்டம் படித்துவிட்டு கிளார்க் வேலையா? நம்ம ஊர் வக்கீல் ஆபீஸிலேயே கட்டு தூக்க ஆள் இல்லையாம். அதற்கு ஏன் டெல்லி?

ராணி சித்தி: (சிரிக்கிற ஸ்டிக்கர்)

தேன்மொழி: மாமா, பெயரில்தான் கிளார்க். வக்கீல் குமாஸ்தா வேறு, இது வேறு. நீதிபதி படிப்பதற்கு முன்னால் நாம் கேஸ் கட்டைப் படித்து, என்ன வழக்கு, கீழ்க் கோர்ட்டுகள் என்ன சொல்லின, எந்தச் சட்டக் கேள்வி மிச்சம் இருக்கிறது என்று குறிப்பு எழுதித் தர வேண்டும். பழைய தீர்ப்புகளைத் தேடியும் கொடுக்க வேண்டும். 2025 ஜனவரி அறிவிப்பில் 90 இடம், மாதம் 80,000 ரூபாய்.

சுந்தர் மாமா: எண்பதா?

ராணி சித்தி: அண்ணன் இப்போது எழுந்து உட்கார்ந்திருப்பார்.

அம்மா: எண்பது சரி. டெல்லியில் வீட்டு வாடகை யார் கொடுப்பார்கள்? நிரந்தர வேலையும் இல்லையாமே.

தேன்மொழி: வாடகை நம்ம பாடுதான் அம்மா. ஒப்பந்த வேலைதான், பென்ஷன் எல்லாம் கிடையாது. அந்த வேலையில் இருக்கும்வரை வக்கீலாக ஆஜராகவும் முடியாது. முழுநேரச் சம்பளத்தில் இருக்கிறவர் பிராக்டிஸ் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 49 சொல்கிறது.

பெரிய மாமா: அப்போ சிவில் ஜட்ஜ் பரீட்சை? மூணு வருஷம் பிராக்டிஸ் கட்டாயம் என்று பேப்பரில் போட்டிருந்தார்களே. கிளார்க்காக இருக்கிற காலம் வீணாகப் போகாதா?

தேன்மொழி: சரியான கேள்வி மாமா. நானும் அதற்குத்தான் பயந்தேன். 2002-ல் எடுத்துவிட்ட அந்த நிபந்தனையை 2025 மே 20 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் அதே தீர்ப்பில், லா கிளார்க்காக இருந்த காலத்தையும் மூன்று வருடத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதைப் படித்த பிறகுதான் முடிவு செய்தேன்.

காந்தி அத்தை: (இனிய ஞாயிறு வணக்கம், ரோஜாப்பூ படம்)

பெரியப்பா: இப்போதுதான் பார்த்தேன். நான் முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ரிட்டயர் ஆனவன். எங்கள் ஐயாவுக்கு ஸ்டெனோ உண்டு, டவாலி உண்டு, பெஞ்ச் கிளார்க் உண்டு. லா கிளார்க் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு அவரே கட்டை விரித்து வைத்துப் படிப்பார். பரீட்சை எப்படி?

தேன்மொழி: மூன்று கட்டம் பெரியப்பா. முதலில் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது, தப்புக்கு மார்க் குறையும். அப்புறம் எழுத்துத் தேர்வு, கடைசியில் நேர்காணல். முதல் கட்டத்தைச் சமாளித்துவிடுவேன். எழுத்துதான் உதைக்கிறது. பத்திப் பத்தியாக எழுதிவிடுகிறேன், சுருக்கவே வரவில்லை.

பெரியப்பா: தேதியில் இருந்து ஆரம்பி. மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போகிற சிறப்பு அனுமதி மனு எதிலும் முன்பக்கம் தேதிப் பட்டியல் இருக்கும். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று வரிசையாக வைத்தாலே பாதிக் கதை தானாகச் சுருங்கிவிடும். அடைமொழி போடாதே. "அநியாயமாக" என்று எழுதினாய் என்றால் நீ ஒரு கட்சிக்கு வக்கீல் ஆகிவிட்டாய். தெரிந்த வழக்கு ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதி இங்கேயே போடு, பார்க்கிறேன்.

ராணி சித்தி: நம்ம கிணற்று வழக்கை எழுதச் சொல்லுங்கள். அதைவிடத் தெரிந்த வழக்கு எது?

பெரிய மாமா: வேண்டாம் ராணி.

சுந்தர் மாமா: எழுதட்டுமே. எனக்கு என்ன பயம்?

மாலை 5.10

தேன்மொழி: யாரும் கோபப்படக் கூடாது. குறிப்பு இதுதான்.

சொத்து: பூர்வீக நிலம் 3 ஏக்கர், பொதுக் கிணறு ஒன்று.
1987: தாத்தாவும் இரண்டு மகன்களும் வெள்ளைத் தாளில் பாகச் சீட்டு எழுதிக் கையெழுத்திட்டனர். பதிவு செய்யவில்லை. மூன்று மகள்களும் அதில் கையெழுத்திடவில்லை.
1996: தாத்தா காலமானார்.
2019: கிணற்று முறை குறித்துத் தகராறு.
மூத்தவர் தரப்பு: கிணறு பொது, வாரம் மூன்று நாள் தனக்கு.
இளையவர் தரப்பு: கிணறு தன் பாகத்துக்குள் இருக்கிறது, தண்ணீர் விட்டது தயவில்.
எழும் கேள்வி: 1987-ல் பாகம் உண்மையிலேயே முடிந்ததா? இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு. 20.12.2004-க்கு முன் முடிந்த பாகப்பிரிவினையை அது தொடாது. ஆனால் அந்தப் பாகம் பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் டிக்ரி மூலமோ நடந்திருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் பிரித்தோம் என்ற வாதத்தை, பொது ஆவணங்களின் ஆதாரத்தோடு, அபூர்வமாகவே ஏற்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ராணி சித்தி: இரு, இரு. மூன்று மகள்கள் என்றால் நானும்தானே?

அம்மா: தேனு, இதை ஏன் குரூப்பில் போட்டாய்?

சுந்தர் மாமா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

பெரிய மாமா: சுந்தர், நான் படித்துவிட்டேன்.

சுந்தர் மாமா: "தயவில்" என்று நான் எப்போது சொன்னேன்? என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தால் இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்திருக்கிறாள்.

தேன்மொழி: 2022 பொங்கலுக்குச் சொன்னீர்கள் மாமா. ஆச்சி சாட்சி. "தாம் விட்டுக்கொடுத்ததாக" என்று வேண்டுமானால் மாற்றிவிடுகிறேன்.

பெரியப்பா: குறிப்பு நன்றாக வந்திருக்கிறது. இரண்டு தரப்பும் முறைத்தால் நடுவில் நின்றுதான் எழுதியிருக்கிறாய். குறை ஒன்று உண்டு. பட்டா என்ன ஆனது என்று இல்லையே? 1987-க்குப் பிறகு தனிப்பட்டா ஆனதா, இன்னும் கூட்டுப்பட்டாவா? பொது ஆவணம் என்றால் முதலில் அதைத்தான் தேடுவார்கள். இதற்கு மேல் நான் பேசக் கூடாது. உன் பெரியம்மாவும் இதில் ஒரு கட்சி.

பெரியம்மா: அடுப்படியில் இருக்கிறேன், எல்லாம் காதில் விழுகிறது.

தேன்மொழி: அடடா, பட்டாவை விட்டுவிட்டேன். மாமா, யாரிடம் இருக்கிறது?

சித்தப்பா: ராணி காலையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு சத்தமும் இல்லை.

இரவு 9.26

சுந்தர் மாமா: (படம்)

சுந்தர் மாமா: பீரோவில் இருந்தது. இதைப் பார்த்து எழுது.

தேன்மொழி: மாமா, வருடம் இருக்கிற இடத்தில் லைட் வெளிச்சம் அடிக்கிறது. காலையில் வாசலில் வைத்து இன்னொரு படம் எடுங்கள். பின்பக்கமும் வேண்டும்.