ஒரே படிக்கட்டு, அது பக்கத்துலயே மீட்டர் போர்டு. தீப்பிடிச்சா எப்படி வெளிய வர்றது?

மூணாவதுமாடி_மேடவாக்கம்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கிறது ஸ்டில்ட் (கீழ தூண் மட்டும் வெச்ச பார்க்கிங்) ப்ளஸ் அஞ்சு மாடி ஃப்ளாட்டு, எங்க வீடு மூணாவது மாடி. மொத்த பில்டிங்குக்கும் ஒரே படிக்கட்டு, ஒரு லிஃப்ட். படி ஆரம்பிக்கிற இடத்துலயே சுவத்துல எல்லா வீட்டு ஈபி மீட்டரும் இருக்கு, அதுக்கு கீழயே ரெண்டு பேர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர நிறுத்தி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ராத்திரி பூரா சார்ஜ் போடுறாங்க. போன வாரம் ஒரு ஃப்யூஸ் கேரியர் கருகி ஸ்டில்ட் முழுக்க நாத்தம், லைன்மேன் வந்து மாத்திட்டு லோடு ஜாஸ்திமான்னு சொல்லிட்டு போய்ட்டார். மொட்டை மாடி கதவுக்கு பெரிய பூட்டு, சாவி செக்ரட்டரி வீட்ல. பால்கனி முழுக்க கிரில். மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆகிருக்கு, பையன் யூகேஜி. அசோசியேஷன் வாட்ஸப் குரூப்ல கேட்டா "நம்ம பில்டிங் ரூல்ஸ்படிதான் இருக்கு மேடம்"னு ஒரு கும்பிடு எமோஜி, அவ்ளோதான். கீழ தீப்பிடிச்சா நாங்க இறங்கணுமா, மேல ஏறணுமா, உள்ளயே இருக்கணுமா?

சைட்_இன்ஜினியர்:
மேடம், செக்ரட்டரி சொன்னது பேப்பர்ல சரியாவே இருக்கலாம். தமிழ்நாட்டு 2019 கட்டட விதிகள்ல 18.30 மீட்டருக்கு மேல போனாதான் ஹை ரைஸ், அதாவது உசரமான கட்டடம்னு கணக்கு, தேசிய கட்டடக் கோடு 2016 பதினஞ்சு மீட்டர்லயே ஹை ரைஸ்ங்குது. நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறது உங்கள மாதிரி பில்டிங்குங்கதான், அதனாலதான் பில்டருங்க 18.30க்குள்ள முடிச்சுடுறாங்க. ஆனா தீ டேப் எடுத்து அளந்துட்டு வராதுல்ல. 2025 மே மாசம் ஹைதராபாத் குல்சார் ஹவுஸ்ல, சார்மினார் பக்கம், கீழ கடை மேல வீடுன்னு இருந்த பழைய கட்டடம், அது ஒண்ணும் உசரமான பில்டிங் கிடையாது. வெளிய வர ஒரே குறுகலான வழி, தீ புடிச்சது கீழ. 17 பேர் போய்ட்டாங்க, எட்டு பேர் கொழந்தைங்க. பெரும்பாலும் புகைதான் கொன்னுச்சு. உங்க கேஸ்ல நான் மொதல்ல பாக்குறது மாடி உசரத்த இல்ல, அந்த மீட்டர் போர்டையும் ஸ்கூட்டரையும்தான்.

ரிட்டயர்டு_101:
தீயணைப்புல இருந்து ரிட்டயர் ஆனவன்மா நான். இறங்கவா ஏறவான்னு கேட்டீங்க, அது தீ எங்க இருக்குங்கறத பொறுத்தது.

உங்க வீட்டுக்குள்ளயே பிடிச்சா எல்லாரும் வெளிய, கடைசியா வர்றவங்க கதவ சாத்திட்டு வரணும், பூட்டவேணாம், சும்மா சாத்துனா போதும். இத யாரும் செய்ய மாட்டேங்கறாங்க, பதட்டத்துல அகலமா தொறந்து போட்டுட்டு ஓடியாந்துடறாங்க. 2022 ஜனவரில நியூயார்க் பிராங்க்ஸ்ல ஒரு அபார்ட்மெண்ட்ல ரூம் ஹீட்டர்ல தீ, எரிஞ்சது ஒரு வீடும் அதுக்கு வெளிய கொஞ்சம் காரிடாரும்தான், ஆனா அந்த வீட்டு கதவு சாத்திக்கல, புகை மாடிப்படி வழியா பில்டிங் முழுக்க ஏறி 17 பேர் செத்தாங்க.

தீ கீழ மீட்டர் பக்கம்னா வேற கதை. கதவ தொறக்கறதுக்கு முன்னாடி பொறங்கையால தொட்டு பாருங்க, சூடு இல்லன்னா கொஞ்சமா தொறந்து பாருங்க. படில புகை இல்லாம தெளிவா இருந்தா மட்டும் இறங்குங்க. புகை ஏறி வந்துட்டிருந்தா இறங்கவும் கூடாது ஏறவும் கூடாது, அந்த நேரத்துல மாடிப்படி செங்கச்சூளை புகைக்கூண்டு மாதிரி, ரெண்டு மூச்சுல ஆள் விழுந்துடுவார். கதவ சாத்தி அடில ஈரத்துணிய திணிச்சிட்டு, ரோட்ட பாத்த பால்கனிக்கு போய் 101க்கோ 112க்கோ போன் போட்டு எந்த மாடி, எந்த பக்கம், நடக்க முடியாதவங்க இருக்காங்கன்னு சொல்லுங்க. செங்கல் சுவரு காங்க்ரீட் ஸ்லாப்பு உள்ள வீட்டுக்குள்ள தீ அவ்ளோ சீக்கிரம் வராது, புகைதான் வரும். முட்டி வலி உள்ள மாமியார தூக்கிட்டு புகைக்குள்ள இறங்கறதவிட இது எவ்வளவோ மேல். லிஃப்ட்ட எந்த காரணத்துக்கும் தொடாதீங்க.

இன்னொண்ணு, மாடிப்படி நடு திருப்பத்துல ஜன்னல் மாதிரி தொறப்பு இருக்கும்ல, மழைச்சாரல் அடிக்குதுன்னு அத அலுமினியம் கண்ணாடி வெச்சு மூடிருப்பாங்க, போய் பாருங்க. புகை வெளிய போறதுக்கு வெச்ச வழிய அடைச்சுட்டு உக்காந்திருக்கோம்.

செக்ரட்டரி_பாவம்:
நானும் ஒரு அசோசியேஷன்ல செக்ரட்டரிதான் (உங்க பில்டிங் இல்ல, சத்தியமா 😀). மொட்ட மாடிய தொறந்து விட்டா பசங்க தண்ணி அடிக்கிறாங்க, டேங்க்ல கல்லு போடுறாங்க, போன தீபாவளிக்கு யாரோ ராக்கெட் விட்டு பக்கத்து வீட்டு கூரை மேல விழுந்து பஞ்சாயத்து, திட்டு வாங்குனது யாரு? நான். சும்மா பூட்டக்கூடாதுன்னு சொல்றது ஈஸி சார்.

ரிட்டயர்டு_101:
புரியுது தம்பி, ஆனா புகை மொதல்ல போய் சேர்ற எடம் அந்த மாடி கதவுதான். தெரியாம மேல ஓடுனவங்க அந்த பூட்டுகிட்ட போய் நிப்பாங்க, அத பாத்தவன் நான். உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும் போடுங்க, பூட்டு வேணாம். பசங்க பிரச்னைக்கு அங்க ஒரு கேமரா மாட்டுங்க, இல்ல கதவு தொறந்தா கத்துற அலாரம் ஒண்ணு.

ஜூரோங்வாசி:
சிங்கப்பூர்ல இருந்து. இங்க எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) காரிடார்ல 1.2 மீட்டர் வழி காலியா இருக்கணும், பழைய சோபா, செருப்பு ஸ்டேண்டுன்னு வழிய மறிச்சு வெச்சா நோட்டீஸ் வந்துரும். ஆரம்பத்துல நாங்களும் என்னடா இது செருப்புக்கு கூடவான்னு சிரிச்சோம். 2018 ஜூன்லேர்ந்து புது வீட்டுக்கெல்லாம் புகை அலாரம் கட்டாயம். பேட்டரில ஓடுறதுதான், வயரிங் எதுவும் வேணாம், நீங்க அசோசியேஷனுக்காக காத்திருக்காம உங்க ஹால் சீலிங்ல ஒண்ணு ஒட்டலாம், பில்டிங்ல ஒத்துக்கிட்டா மீட்டர் பக்கத்துலயும் ஒண்ணு. ஸ்கூட்டர் விஷயத்துல அக்கா விடாதீங்க, இங்க சர்டிஃபிகேட் இல்லாத மின்சார ஸ்கூட்டர 2020ல தடையே பண்ணிட்டாங்க, வீட்ல சார்ஜ் போட்டு தீப்பிடிச்ச கேஸ் அவ்ளோ.

மூணாவதுமாடி_மேடவாக்கம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து நடு திருப்பத்த போய் பாத்தேன் சார், நீங்க சொன்ன மாதிரியே கண்ணாடி, அதுவும் சிலிகான் வெச்சு ஒட்டிருக்காங்க, தொறக்கவே முடியாது. சண்டே மீட்டிங்ல மூணு விஷயம் மட்டும் கேக்கப் போறேன், ஸ்கூட்டர் சார்ஜிங் காம்பவுண்ட் ஓரமா தனி லைன்ல, மாடி பூட்டு, இந்த கண்ணாடி. ஒரு டவுட், பால்கனி கிரில்ல அறுக்கணுமா? பையன் இருக்கான், அதனால பயமா இருக்கு. மீட்டர் பக்கத்துல தீ அணைக்கிற சிலிண்டர் என்ன வாங்கி வைக்கலாம்?

ரிட்டயர்டு_101:
முழுசா அறுக்க வேணாம்மா. வெல்டர கூப்ட்டு ஒரு ஆள் நுழையற அளவுக்கு ஒரு பகுதிய மட்டும் கீல் வெச்சு கதவா மாத்த சொல்லுங்க, தாழ்ப்பாள் பையன் கைக்கு எட்டாத உசரத்துல உள்பக்கமா. பூட்டு போட்டே ஆகணும்னா சாவி அந்த ரூம்லயே ஆணில தொங்கணும், பீரோக்குள்ள கூடாது. துரு புடிச்சு இறுகிடும், அப்பப்ப தொறந்து மூடி எண்ணெய் விடுங்க. எங்க ஆளுங்க ஏணி போட்டு வந்தா இந்த வழியாத்தான் உங்க மாமியார எடுப்பாங்க.

சிலிண்டர் ஏபிசி பவுடர், இல்லன்னா சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு), மீட்டர்ல தண்ணி ஊத்தவே கூடாது. ஏபிசில பிரஷர் காட்டுற முள்ளு பச்சைல இருக்கான்னு பாருங்க, சிஓடூல முள்ளு இருக்காது, எடை போட்டுதான் பாக்கணும். மாட்டுறது மீட்டருக்கு நேர் பக்கத்துல வேணாம், கேட்டு பக்கமா மாட்டுங்க, மீட்டரே எரியும்போது அதுகிட்ட போய் எவன் எடுப்பான்.